கேட்டேன், மனதில் பதிந்தது

மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததைத் தவிர ஈரம் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. அதற்காகத்தான் நிர்வாகம் அவனைச் செவி வகை மனிதன் என்று அறிவித்தது.

ஈரம் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கித் துவைத்துத் தரும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவன் பிழியும் மிஷினைப் பார்த்துக்கொண்டான். துவைத்த விரிப்புகளை அள்ளி அதன் வயிற்றில் திணித்து மூடியை இறுக்கினால் அது சுழன்று தண்ணீரைக் கக்கும். அள்ளி அணைத்துத் தூக்கியே அவன் சட்டையின் முன்பக்கம் காய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் ஈரம்.

அந்த மிஷின் முழு வேகம் எடுத்தால் தரை அதிரும், ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடிக்கும். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பிரயோஜனமில்லை. துவைத்துப் பிழியும் ஈரப்பகுதிக்காரர்கள் கையாலேயே பேசிப் பழகிவிட்டார்கள். கட்டைவிரலைக் கவிழ்த்தால் நிறுத்து. உள்ளங்கையைத் தட்டினால் டீ. காதைத் திருகினால் மேலாளர் வருகிறார். குறை ஒன்றும் இல்லாமல்தான் வேலை நடந்துகொண்டிருந்தது. குறையில்லாத இடத்தைப் பார்த்தால் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுக்காது.

பயிற்சிப் பிரிவு அம்மா ஒருநாள் எல்லாரையும் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார வைத்து ஒரு வினாத்தாள் கொடுத்தார். ஒருவர் எதைக் கற்றுக்கொள்வதானாலும் கண்ணால் கற்கிறாரா, காதால் கற்கிறாரா, கையால் கற்கிறாரா என்று கண்டுபிடிக்கும் தாளாம் அது. ஈரம் அதைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான், வெளிச்சத்தில் சாய்த்தான். எழுத்துகள் எறும்பு வரிசையாக நகர்ந்தன.

"அம்மா, இத கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றான்.

அந்த அம்மாவின் முகம் பிரகாசமானது. "படிச்சுச் சொல்லவா? உங்களுக்குக் காதால கேட்டாத்தான் திருப்தியா இருக்கும், இல்லையா?"

"கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேம்மா."

"காரணம் எதுவா வேணா இருக்கட்டும். உள்ளுக்குள்ள இருக்கிறது தானா வெளிய வந்திருச்சு," என்று சொல்லி அவர் வினாத்தாளை அவன் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மீதிக் கேள்விகளைக் கேட்கவே இல்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

கூடத்தில் இருந்த மற்ற எல்லாரும் கண் வகை, கை வகை என்று பிரிந்துபோனார்கள். செவி வகைக்குத் தேறியவன் ஈரம் ஒருவன்தான். வகை மூன்று என்று தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால், அவன் ஒருவனாவது கிடைத்தது பயிற்சிப் பிரிவுக்குப் பெரிய ஆறுதல். அவன் சட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் காதைக் குத்திவிட்டார்கள்.

மேலாளர் அன்றைக்கே பேசினார். "எல்லாருக்கும் எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதி ஒட்டுறது பழைய காலம். ஒருத்தருக்குக் கேட்டாத்தான் புரியும்னா, அவர்கிட்ட எழுத்தக் காட்டுறது வன்முறை. இங்க வன்முறைக்கு இடமில்ல. இனிமே இவர் கண்ணுல ஒரு எழுத்துகூட படாம நாங்க பாத்துக்குவோம்."

கைதட்டினார்கள். ஈரமும் தட்டினான். தனக்குத்தான் ஏதோ கிடைத்திருக்கிறது என்று நினைத்தான்.

மறுநாள் வந்து பார்த்தால், அவன் மிஷினில் திருகியிருந்த 'ஓடும்போது மூடியைத் திறக்காதே' என்ற தகடு காணோம். நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அறிவிப்புப் பலகைக்கு ஒரு பச்சைத் திரை போட்டு, அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காவலாளி அதை இழுத்து மூடினார். "கண்ணத் திருப்பிக்கிட்டுப் போங்க. எனக்குத்தான் திட்டு விழும்," என்றார் காவலாளி.

நிர்வாக விஷயம் எதையும் மற்றவர்கள் அவனிடம் சொல்லக்கூடாது, அதைச் சொல்வதற்கென்று ஒரு குரல் துணை நியமிக்கப்பட்டார். அது அவன் தங்கை புருஷன்.

மச்சான் அவனுக்குப் பக்கத்துத் துவைக்கும் மிஷினில் இருந்தவர். வேலையில்லாமல் கிடந்தவரை மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே கொண்டுவந்தவன் ஈரம்தான். தங்கையும் கல்யாணத்துக்கு முன் அங்கேயே விரிப்பு மடிக்கும் வேலை பார்த்தவள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் குடியிருப்பில் எதிரெதிர் வீடு. ஈரத்தின் வீட்டில் அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். மத்தியானம் இடைவேளையில் ஈரம் ஓடிப்போய் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பான். சாப்பிட வைத்து, துடைத்து, மறுபடி தூக்கிப் படுக்க வைத்துவிட்டு ஓடி வருவான். அப்பா ஒரு காலத்தில் சரக்கு இறக்கியவர், ஆள் பெரிய உடம்பு. ஈரத்தின் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் எழ முடியாது. அவளால் அவரைப் புரட்ட முடியும், தூக்க முடியாது. தூக்காமல் விட்டால் முதுகு புண்ணாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஈரத்துக்கு அந்த இடைவேளைதான் முக்கியம். மற்றதெல்லாம் அவனுக்கு வந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று.

மச்சானைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் காய்ந்த சட்டை போட்டிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸுக்குப் பதிலாகத் தோல் செருப்பு. கழுத்துப்பட்டியில் குரலைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது.

"என்ன மச்சான், மாப்பிள்ள கோலத்துல வந்திருக்கீங்க?" என்றான் ஈரம்.

"சிரிக்காதீங்க, பதிவாகும்," என்று சொல்லிவிட்டு மச்சான் தொண்டையைச் செருமினார். பிறகு கற்றுக்கொடுத்த குரலில், ஏற்றி இறக்கி, "அன்பான செவியே, வணக்கம். மிஷின் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்," என்றார். முக்கியமானவற்றை மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது விதி. மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் கேட்பவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலையும் பயிற்சிப் பிரிவே தயாரித்து வைத்திருந்தது.

"கேட்டேன், மனதில் பதிந்தது," என்றான் ஈரம்.

கை காட்டிப் பேசுவது அன்றோடு தடை செய்யப்பட்டது. செவி வகை ஆளிடம் கையை ஆட்டினால் அவர் காது குழம்பிப்போகுமாம். டீ நேரம் ஆகிவிட்டது என்பதைக்கூட மச்சான் வந்துதான் அறிவித்தார்.

ஆண்டுப் பரிசோதனையின் மருத்துவ அறிக்கை வந்தது. மச்சான் அதைச் சாப்பாட்டுக்கூடத்தில் வைத்துப் படித்தார், அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். ரத்த அழுத்தம் சீர், சர்க்கரை சீர் என்று தாழ்ந்த குரலில் போய், மூலம் என்ற இடத்தில் குரல் உயர்ந்தது. மூன்று முறை உயர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம், இஸ்திரிப் பகுதியில் இருந்த பெண்கள்கூட அவனுக்கு உட்கார மெத்தென்று ஏதாவது மடித்துப் போட்டார்கள்.

ஈரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். அங்கே பயிற்சிப் பிரிவு அம்மாவும் இருந்தார்.

"சார், எனக்குப் படிக்கத் தெரியும். எட்டாவது வரைக்கும் போயிருக்கேன். பாருங்க," என்று மேசை மேல் கிடந்த ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்துக் காட்டினான். தடங்கல் இல்லாமல் படித்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா சார்? தனக்குத் தானே சத்தமா படிச்சுக்கிறார். அவர் குரல அவரே கேட்டாத்தான் அவருக்கு ஏறுது. எவ்வளவு சுத்தமான செவி."

"மனசுக்குள்ளயும் படிப்பேம்மா."

"எங்க, படிங்க."

ஈரம் தாளைப் பார்த்து மனசுக்குள் படித்தான். வெகுநேரம் மூவரும் அமைதியாக இருந்தார்கள்.

"ஒண்ணும் கேக்கலையே," என்றார் மேலாளர். பிறகு அவன் தோளில் கைவைத்து அன்பாகச் சொன்னார்: "தம்பி, யாரையும் அவங்களுக்குப் பிடிக்காத வழியில கத்துக்கச் சொல்லி நாங்க வற்புறுத்த மாட்டோம். அது எங்க கொள்கை. அதனால நீங்க விரும்பினாலும் படிக்க விட மாட்டோம்." கண்ணாடியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அதற்கடுத்து தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்தது. செவி வகை ஆள் எப்படிக் கேட்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். சத்தம் இருக்கக்கூடாது என்று எல்லா மிஷின்களையும் நிறுத்தினார்கள். ஈரத்தைக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மச்சான் எதிரே நின்று தீயணைக்கும் முறையைப் படித்தார். குழு அவனைச் சுற்றி வந்தது. ஒருவர் குனிந்து அவன் இடது காதைப் பார்த்தார். இன்னொருவர், "இது பிறவியிலேயே இருக்கா, இல்ல பயிற்சியில வந்ததா?" என்று கேட்டார். "எங்க பயிற்சியில வந்தது," என்றார் மேலாளர். அன்று துவைக்காத விரிப்புகள் கூரை உயரத்துக்குக் குவிந்தன. எந்தெந்த ஆஸ்பத்திரியில் யார் யார் வெறும் மெத்தையில் படுத்தார்களோ தெரியாது. குழு திருப்தியாகப் போனது. மச்சானுக்குச் சிறந்த குரல் என்று ஒரு கேடயம் கிடைத்தது.

நாள்பட நாள்பட மச்சானுக்குத் தொண்டை கட்டியது, ஈரத்துக்குப் பொறுமை கட்டுப்படியாகவில்லை. இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஏற்பாட்டைச் சொன்னவர் மச்சான்தான்.

"மச்சான், அவங்களுக்கு வேண்டியது பதிவு. உங்களுக்கு வேண்டியது விஷயம். ரெண்டையும் ஏன் சேர்த்துக் குழப்பணும்? மிஷின் ஓடும்போது வந்து படிச்சிடறேன். நீங்க வேலையப் பாருங்க. படிச்சு முடிச்சதும் புருவத்தத் தூக்குவேன், அந்த மந்திரத்தச் சொல்லிடுங்க. டீ குடிக்கும்போது கருவியக் கழட்டிட்டு, என்ன விஷயம்னு ரெண்டு வார்த்தைல நானே சொல்லிடறேன்."

அப்படியே நடந்தது. மிஷின் உறுமும். மச்சான் எதிரே நின்று தாளைப் பார்த்து வாயை அசைப்பார். புருவம் உயரும். "கேட்டேன், மனதில் பதிந்தது," என்று ஈரம் கத்துவான். அவன் கத்துவது அவனுக்கே கேட்காது. பிறகு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்பான்: "என்ன மச்சான் இன்னிக்கு?"

"ஒண்ணுமில்ல. தொப்பி போட்டுக்கச் சொல்றாங்க."

"என்ன மச்சான் இன்னிக்கு?"

"மேலாளருக்குப் பொறந்தநாள். வாழ்த்தணுமாம். மனசுல வாழ்த்திடுங்க."

இத்தனை மாதத்தில் ஈரத்துக்கு நிம்மதியாக இருந்தது அந்த நாட்கள்தான். நிர்வாகத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்ற சந்தோஷம் வேறு. டீக்குக் காசு அவனே கொடுப்பான்.

ஒருநாள் மச்சான் வழக்கத்தைவிட நீளமாகப் படித்தார். மூன்று முறை புருவத்தைத் தூக்கினார். மூன்று முறையும் ஈரம் கத்தினான். பெஞ்சில் மச்சான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்குப் பெரிசா இருந்துச்சு?"

"சோப்பு விஷயம். கழுவுற இடத்துல சோப்பு வச்சா எடுத்துட்டுப் போயிடறாங்களாம்."

"மூணு தடவையா அதச் சொல்லணும்?"

"அவங்களுக்கு எல்லாமே முக்கியம்தானே," என்றார் மச்சான். அன்றைக்கு டீக்குக் காசு அவர் கொடுத்தார். ஈரம் தடுத்தான், கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பயிற்சிப் பிரிவு அம்மாவே நேரில் வந்து, மிஷினை நிறுத்தச் சொல்லி, மணி ஒன்றை மெல்லத் தட்டிவிட்டு, தாலாட்டுப் பாடும் குரலில் அவனுக்கு ஒரு உத்தரவைப் படித்தார். ரயிலில் ஒரு பகல் ஒரு இரவு போக வேண்டிய தூரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் கிளைக்கு அவன் மாற்றப்பட்டிருக்கிறான். வரும் திங்கட்கிழமை அங்கே வேலையில் சேர வேண்டும். அங்கே தொழிலாளர் குடியிருப்பு இல்லை.

ஈரம் நனைந்த சட்டையோடு மேலாளர் அறைக்கு ஓடினான்.

"சார், அப்பாவத் தூக்க ஆளில்ல சார். என்னால போக முடியாது. முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டோமே," என்றார் மேலாளர். "ஈரப்பகுதிலேருந்து ஒருத்தர் போகணும். போக முடியாத காரணம் இருக்கிறவங்க ஒரு வாரத்துக்குள்ள சொல்லுங்கன்னு அறிவிச்சோம். எல்லாரும் வந்து சொன்னாங்க. உங்க குரல் துணைகூட வந்து சொன்னார், சின்னப் பிள்ளைங்க இருக்குன்னு. நீங்க ஒருத்தர்தான் வரல."

"எனக்கு யாரும் சொல்லல சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தவர் போலப் பயிற்சிப் பிரிவு அம்மா கணினியைத் திருப்பி வைத்தார். "இப்படி யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் இந்தத் திட்டமே," என்று ஒரு பொத்தானை அழுத்தினார்.

மச்சானின் குரல் வந்தது. உறுமல் இல்லை, அதிர்வு இல்லை. ஆளில்லாத கோயிலில் நின்று பேசுவது போல அத்தனை துல்லியம். 'அன்பான செவியே, வணக்கம்' என்று ஆரம்பித்து, மாற்றல், தூரம், ஒரு வாரக் கெடு, காரணம் சொல்ல வேண்டிய இடம் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மச்சான் இவ்வளவு அழகாகப் படித்து ஈரம் கேட்டதே இல்லை. பிறகு அந்த அமைதியின் நடுவில் ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்தினான்: "கேட்டேன், மனதில் பதிந்தது."

மறுபடி மச்சான். மறுபடி அவன். மறுபடியும்.

"எவ்வளவு உற்சாகமா சொல்லியிருக்கீங்க பாருங்க," என்றார் அம்மா.

"அம்மா, அப்ப மிஷின் ஓடிட்டிருந்துச்சும்மா. ஒண்ணுமே கேக்காது."

"இதுல மிஷின் சத்தமே இல்லையே."

"நிஜமாவே ஓடிச்சும்மா."

"எங்க கருவி நல்ல கருவி. வேண்டாத சத்தத்த அதுவே எடுத்துடும்," என்று அவர் பெருமையோடு விளக்கினார். "நீங்க கேட்டது இதத்தான். உங்க காதுக்கு எது வந்துச்சுங்கிறது பிரச்சினையில்ல."

"கையக் காட்டிச் சொல்லியிருந்தாகூடப் புரிஞ்சிருக்குமே."

"அது கை வகைக்காரங்களுக்கு," என்றார் மேலாளர். பிறகு எழுந்து வந்து வழக்கம்போலத் தோளில் கைவைத்தார். "தம்பி, ஒண்ணு சொல்றேன். மத்தவங்களுக்கெல்லாம் வெறும் காகிதம் ஒட்டினோம். உங்க ஒருத்தருக்குத்தான் ஒரு மனுஷனையே அனுப்பினோம். அதுவும் உங்க சொந்தக்காரரை. நீங்க நம்புற ஆளா இருக்கணும்னு தேடிப் போட்டோம். இதுக்கு மேல ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மத்தியான இடைவேளை வந்துவிட்டிருந்தது. அவன் வீட்டுக்குப் போனபோது தங்கை வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால், அறைக்குள், மச்சான் காய்ந்த சட்டையோடு சுவரோரம் நின்றார். உள்ளே கட்டிலில் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தின் மனைவி அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமல் இருந்தாள்.

"அண்ணே," என்றாள் தங்கை. அழுதிருந்தாள். "இவர் உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாராமே. நீங்க சரின்னுட்டீங்களாமே. பதிவு இருக்குன்னு போட்டுக் காட்டினார், நானே கேட்டேன். உங்க குரல்தான். அப்பாவ இப்படி விட்டுட்டுப் போறதுக்கு அவ்வளவு சத்தமா சரின்னு சொல்ல எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

ஈரம் மச்சானைப் பார்த்தான். மச்சான் வாசலில் கழற்றிவிட்ட தன் தோல் செருப்பைப் பார்த்தார்.

"மிஷின் ஓடும்போது படிச்சாரும்மா," என்றான். "டீ குடிக்கும்போது என்ன விஷயம்னு கேட்டேன். சோப்புன்னாரு."

தங்கை நான்கு வருஷம் அந்தக் கூடத்தில் விரிப்பு மடித்தவள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து மச்சான் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை.

"பிள்ளைங்க ஸ்கூல் இருக்கு, அதான்," என்றார் மச்சான், யாரும் கேட்காமலே. "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்னு வந்தப்ப எனக்கு வேற வழி தெரியல. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

"திங்கட்கிழமைலேருந்து மத்தியானம் நீங்கதான் வரணும்," என்றாள் தங்கை. "லீவு நாளும் சேர்த்து. இன்னிக்கே பழகிக்கோங்க. காலப் பிடிக்கிறதா தலையப் பிடிக்கிறதான்னு அண்ணன்கிட்டக் கேளுங்க."

மச்சான் கட்டிலருகே வந்தார். மாமனாரின் பெரிய உடம்பை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கையை முழங்காலுக்கடியில் கொடுத்தார், எடுத்தார், இடுப்புக்குக் கொண்டுபோனார். கிழவர் வலியில் முனகினார். மச்சான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு ஈரத்தின் வாயையே பார்த்தபடி நின்றார்.

"எப்படித் தூக்கணும் மச்சான்? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியத்தில் முடிகிற விஷயம். ஈரம் மச்சானை ஒட்டி வந்து நின்றான். மச்சானின் வலது மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் அக்குளுக்கடியில் வைத்து அழுத்தினான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முதுகின் குறுக்கே பரப்பினான். முழங்காலால் மச்சானின் முழங்காலை முட்டி மடக்கினான். அவன் சட்டையின் ஈரம் மச்சானின் சட்டையில் ஒட்டியது.

"ஏதாவது பேசுங்களேன் மச்சான்," என்றார் அவர். "திட்டவாவது செய்யுங்க."

ஈரம் அவருடைய இடது கையை எடுத்து, அதுவும் போக வேண்டிய இடத்தில் வைத்தான். பிறகு மோவாயால் மேலே என்று காட்டினான். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.